பழம் காத்த மிட்டாய்க்காரர்

உலகத்துக்கு வழி காட்டினார், ஏழையாக இறந்தார்

ஆனி, ஆடி மாதங்களில் நீலகிரி மலையில் இருந்து பிளம்ஸ் பழமும் பேரிக்காயும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு வந்து குவியும். சேலத்து மாம்பழம் அதற்கு முன்பே வரத் தொடங்கிவிடும்.

எல்லாம் சில வாரங்கள்தான். கூடையில் வாங்கிய பழம் நாலைந்து நாளில் கனிந்துவிடும். அதன்பின் அழுகிவிடும். மலிவாகக் கிடைக்கும்போது தின்று தீராது. தின்ன ஆசை வரும்போது பழம் இருக்காது.

இந்தத் தொல்லையைத் தீர்க்க ஒருவர் தம் வாழ்நாளில் சரிபாதியைச் செலவிட்டார். அவர் விஞ்ஞானி அல்ல. கல்லூரியின் வாசலை மிதித்தவரும் அல்ல. பாரிஸ் நகரத்தில் மிட்டாய்க்கடை வைத்திருந்தவர்.

அவர் பெயர் நிக்கோலா ஆப்பேர்.

கடையில் தகர டப்பாவில் விற்கும் அன்னாசித் துண்டு, புட்டியில் விற்கும் பழக்கூழ், கப்பலிலும் ராணுவத்திலும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் உணவு, எல்லாம் அவர் காட்டிய வழியில் வந்தவையே.

பாட்டிமார் கண்ட வழிகள்

உணவைக் கெடாமல் வைப்பது நம் ஊருக்குப் புதிது அல்ல.

கொங்கு நாட்டு வீடுகளில் மாங்காயும் எலுமிச்சையும் நாரத்தங்காயும் உப்பு ஜாடிக்குள் போகும். சுண்டைக்காய் மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து வற்றலாகும். நெல்லிக்காய் தேனில் ஊறும்.

பழனி பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துச் செய்வது அது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பது இல்லை. அதனால்தான் வெறும் வாழைப்பழம் மூன்று நாளில் கறுத்துப் போக, பஞ்சாமிர்தம் நாள்பட நிற்கிறது. 2019-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை வாழத் தண்ணீர் வேண்டும். வெயில் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. உப்பும் சர்க்கரையும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

ஆனால், ஒரு குறை உண்டு. உப்பில் போட்ட மாங்காய் ஊறுகாய் ஆகிவிடும். தேனில் போட்ட நெல்லி தேன் நெல்லி ஆகிவிடும். பேரிக்காயைப் பேரிக்காயாகவே ஒரு வருடம் வைத்திருக்க முடியுமா?

அந்த வித்தை யாருக்கும் தெரியாது. பிரான்ஸ் நாட்டிலும் உப்பு, புகை, காடி, சர்க்கரை போன்ற பழைய வழிகளே இருந்தன. அங்கே சர்க்கரை விலையோ மிக அதிகம்.

சத்திரத்துப் பிள்ளை

1749-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, பிரான்சில் ஷாலோன் என்ற ஊரில் ஆப்பேர் பிறந்தார். அவருடைய தந்தை, வழிப்போக்கர்கள் தங்கி உண்ணும் சத்திரம் நடத்தி வந்தார்.

சிறுவன் ஆப்பேர் அடுப்பங்கரையிலேயே வளர்ந்தான். மதுபானம் காய்ச்சவும், புட்டியில் அடைக்கவும், சமைக்கவும், நிலவறையில் பண்டங்களைப் பக்குவமாக வைக்கவும் கற்றான். பிற்காலத்தில் அவர் சாதித்தது எல்லாம் இந்தக் கைப்பழக்கத்தால் வந்ததே.

வாலிபரானதும் ஜெர்மனிப் பகுதியில் ஒரு கோமகனின் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தார். கோமகன் இறந்த பிறகு அவருடைய மனைவியிடம் பணியாற்றினார். சுமார் 13 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

1784-ம் ஆண்டில் பாரிசுக்கு வந்தார். லோம்பார் தெருவில் மிட்டாய்க்கடை திறந்தார். மறு ஆண்டு எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். பிள்ளைகள் பிறந்தார்கள். கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது.

பழங்களைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சி விற்பது மிட்டாய்க்காரரின் தொழில். பாகில் வெந்த பழத்தில் பழத்தின் மணமும் ருசியும் குறைந்து, சர்க்கரையின் ருசியே மேலோங்கும். இது ஆப்பேருக்குப் பிடிக்கவில்லை. இயற்கை ருசி மாறாமல் வைக்க வழி உண்டா என்று யோசிக்கத் தொடங்கினார்.

சிறை வாசம்

1789-ம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆப்பேர் புரட்சியின் பக்கம் சேர்ந்தார். தம் வட்டாரத்தில் பொறுப்புகளும் வகித்தார்.

ஆனால், புரட்சி தன் பிள்ளைகள் மீதே பாய்ந்தது. நேற்றுப் பதவியில் இருந்தவர் இன்று சிறையில் கிடந்தார். நாள்தோறும் பலருடைய தலைகள் வெட்டப்பட்டன. 1794-ம் ஆண்டில் ஆப்பேரையும் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள்.

சில மாதங்கள் அவர் மரணத்தின் நிழலில் இருந்தார். பிறகு விடுதலை கிடைத்தது.

வெளியே வந்தவர் அரசியலில் முழுமூச்சாக இறங்கவில்லை. பாரிசுக்கு அருகில் உள்ள இவ்ரி என்ற ஊரில் குடியேறினார். அங்கேதான் 1795-ம் ஆண்டு வாக்கில் புட்டிகளோடு அவருடைய போராட்டம் ஆரம்பமாயிற்று. அப்போது அவருக்கு வயது 45.

புட்டியும் கொதிநீரும்

ஆப்பேர் செய்தது என்ன?

கனமான கண்ணாடிப் புட்டியை எடுத்தார். ஷாம்பேன் மது அடைக்கும் புட்டி அது. அவர் பிறந்த ஊர் அந்த மதுவுக்குப் பேர் போன வட்டாரம். அழுத்தத்தைத் தாங்கும் புட்டி எது என்று அவருக்குத் தெரியும். பிறகு அகன்ற வாய் வைத்த புட்டிகளைத் தனியாகச் செய்யச் சொல்லி வாங்கினார்.

புட்டிக்குள் பழத்தையோ காயையோ நிரப்பினார். நல்ல தக்கையால் இறுக்கி மூடினார். மூடியைக் கம்பியால் கட்டினார். பெரிய வாய் உள்ள புட்டிகளுக்குச் சுண்ணாம்பும் பாலாடைக் கட்டியும் கலந்த பசையைப் பூசினார்.

ஒவ்வொரு புட்டியையும் ஒரு துணிப் பைக்குள் போட்டார். புட்டிகள் ஒன்றோடு ஒன்று மோதக் கூடாது, வெடித்தாலும் சில்லுகள் சிதறக் கூடாது என்பதற்காக.

பிறகு அண்டாவில் தண்ணீர் ஊற்றி, புட்டிகளை அதில் நிறுத்தி, தீ மூட்டிக் கொதிக்க வைத்தார்.

அவ்வளவுதான்!

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு நேரம் கொதி வேண்டும்? அதைச் சொல்லித் தர ஆள் இல்லை. நேரம் குறைந்தால் புட்டிக்குள் பொங்கிப் புளித்துவிடும். கூடினால் பழம் கரைந்து கஞ்சியாகிவிடும். பழங்களுக்குச் சிறிது நேரம் போதும். பட்டாணிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, கெட்டதைக் கொட்டிவிட்டு, மீண்டும் செய்து பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார். இதற்கே ஆண்டுகள் பல ஆயின.

கடலுக்குப் போன பட்டாணி

1802-ம் ஆண்டில் மஸ்ஸி என்ற ஊரில் நிலம் வாங்கித் தொழிற்சாலை அமைத்தார். உணவைக் கொதிக்க வைத்து அடைப்பதற்கென்று உலகில் தோன்றிய முதல் தொழிற்சாலை அதுதான் என்று சொல்வார்கள். பக்கத்திலேயே தோட்டம். தோட்டத்தில் பறித்த பட்டாணி வாடுவதற்குள் புட்டிக்குள் போய்விடும்.

அக்காலத்தில் கப்பலில் போகிறவர்களின் பாடு பெரும்பாடு. உப்புக் கண்டமும் காய்ந்த ரொட்டியும்தான் உணவு. மாதக்கணக்கில் பழமும் காயும் கண்ணில் படாது. பல் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து மாலுமிகள் மடிவார்கள்.

1803-ம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படை, பிரெஸ்ட் துறைமுகத்தில் ஆப்பேரின் புட்டிகளைச் சோதித்தது. மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். பட்டாணியும் அவரையும் அன்று பறித்தவைபோல இருந்தன.

சோதனையில் வெற்றி. ஆனால், வியாபாரத்தில் வெற்றி இல்லை. 1806-ம் ஆண்டில் பாரிசில் நடந்த தொழில் கண்காட்சியில் தம் புட்டிகளை வைத்தார். பரிசு கிடைக்கவில்லை.

பரிசா? உரிமையா?

நெப்போலியன் போட்டி அறிவித்தார், ஆப்பேர் அதில் வென்றார் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆனால், பரிசு எதுவும் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் தம் சொந்தச் செலவில் வேலையைத் தொடங்கிவிட்டார். கடையிலும் விற்று வந்தார்.

1809-ம் ஆண்டில் தேசியத் தொழில் வளர்ச்சிச் சங்கம் அவருடைய முறையை ஆராய்ந்து பாராட்டியது. அடுத்து, அரசாங்கம் அவர் முன்னால் இரண்டு வழிகளை வைத்தது.

ஒன்று: கண்டுபிடிப்பைத் தமக்கே உரிமையாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் செய்ய முடியாது. லாபம் எல்லாம் அவருக்கே.

இரண்டு: ரகசியத்தைப் புத்தகமாக எழுதி ஊருக்கே சொல்லிவிடலாம். அரசாங்கம் ஒரு தொகையைப் பரிசாகக் கொடுக்கும்.

வயது அறுபது. கையில் பெரிய சொத்து இல்லை. குடும்பம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பார்?

ஆப்பேர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

1810-ம் ஆண்டு ஜனவரியில் 12,000 பிராங்க் பரிசு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் புத்தகம் வெளிவந்தது. 200 பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. புட்டி, தக்கை, பசை, பழம், காய், பால், இறைச்சி, கொதிக்கும் நேரம், எல்லாவற்றையும் அவர் ஒளிவு மறைவு இன்றி எழுதினார். பிந்திய பதிப்பில் அந்தப் புத்தகத்துக்கு எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய புத்தகம் என்ற பெயரும் சேர்ந்தது.

தொழிற்சாலைக்காரருக்கு மட்டும் அவர் எழுதவில்லை. வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதினார்.

லாபம் போன இடம்

புத்தகம் வந்த சில மாதங்களுக்குள், 1810-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் இதே முறைக்கு உரிமை பெற்றுக்கொண்டார். கண்ணாடியோடு தகரப் பாத்திரத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். அந்த உரிமை பிறகு பிரையன் டான்கின் என்ற பொறியியல் வல்லுநரிடம் போயிற்று. 1813-ம் ஆண்டில் டான்கினின் தொழிற்சாலை தகர டப்பா உணவை ஆங்கிலேயக் கடற்படைக்குக் கொடுத்தது.

தகர டப்பா உடையாது. கப்பலுக்கு ஏற்றது. ஆனால், திறப்பதுதான் பாடு! உளியும் சுத்தியலும் வேண்டும். டப்பா திறக்கும் கருவி வர மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1814-ம் ஆண்டில் ஆப்பேர் லண்டனுக்குப் போனார். தம் முறையில் அங்கே பிறர் தொழில் நடத்துவதைப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினார்.

ஊரில் அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. நெப்போலியன் தோற்றார். அந்நியப் படைகள் பிரான்சுக்குள் புகுந்தன. மஸ்ஸி தொழிற்சாலை நாசமாயிற்று. பரிசுப் பணமோ ஏற்கெனவே ஆராய்ச்சியில் கரைந்துவிட்டது.

அறுபத்தைந்து வயதில் ஆப்பேர் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார். பாரிசில் அரசாங்கம் கொடுத்த ஒரு கட்டிடத்தில் அடுப்பு மூட்டினார். இப்போது அவரும் தகர டப்பாவுக்கு மாறினார். நீராவியை அடைத்து அழுத்தத்தில் வேக வைக்கும் பாத்திரங்களையும் பயன்படுத்தினார்.

1822-ம் ஆண்டில் தொழில் வளர்ச்சிச் சங்கம் அவருக்கு மனித குலத்தின் உபகாரி என்ற பட்டம் அளித்தது. பட்டம் வந்தது, பணம் வரவில்லை.

86 வயது வரை உழைத்தார். 1836-ம் ஆண்டில் ஓய்வு பெற்று மஸ்ஸிக்குத் திரும்பினார். 1841-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, 91-வது வயதில் காலமானார். தனிக் கல்லறைக்குக்கூட வழி இல்லை. ஏழைகளைப் புதைக்கும் பொதுக் குழியில் அவரைப் புதைத்தார்கள்.

காரணம் சொன்னவர் வேறு

கொதிக்க வைத்தால் உணவு ஏன் கெடுவதில்லை? ஆப்பேருக்கு அது கடைசி வரை தெரியாது. காற்று போய்விடுவதுதான் காரணம் என்று அக்காலத்து விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

ஆப்பேருக்குப் பட்டம் கிடைத்த அதே 1822-ம் ஆண்டின் கடைசியில் லூயி பாஸ்டர் பிறந்தார். உணவைப் புளிக்க வைப்பவையும் அழுக வைப்பவையும் நுண்ணுயிர்களே என்றும், வெப்பம் அவற்றைக் கொல்கிறது என்றும் 1860-களில் அவர்தான் விளக்கினார். காரணம் தெரிவதற்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே மிட்டாய்க்காரர் காரியத்தை முடித்துவிட்டார்!

நம் வீட்டு அடுப்பில்

அவர் எழுதி வைத்த வழி இன்றும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். மலைப் பேரிக்காயையே எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளில் குடும்பமே கூடிச் செய்யலாம். ஒருவர் தோல் சீவ, ஒருவர் துண்டு போட, பிள்ளைகள் புட்டி கழுவலாம்.

சூடு தாங்கும் அரை லிட்டர்ப் புட்டியும், ரப்பர் வளையம் பதித்த புது மூடியும் வேண்டும். நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை போட்டுக் காய்ச்சி, நடுக்கொட்டை நீக்கிய துண்டுகளை அதில் ஐந்து நிமிடம் வேக விட வேண்டும். சூட்டோடு சுடு புட்டியில் நிரப்பி, ஒரு மேஜைக் கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மேலே அரை அங்குலம் இடம் விட்டு மூட வேண்டும்.

பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்துப் புட்டிகளை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி வெந்நீர் ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். கொதி வந்ததில் இருந்து கோவையில் 25 நிமிடம். ஊட்டியிலும் குன்னூரிலும் 35 நிமிடம்.

ஏன் இந்த வித்தியாசம்? உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கோவையில் 98 டிகிரிக்குச் சற்று மேல் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். சூடு குறைந்தால் நேரம் கூட வேண்டும்.

ஆறியதும் மூடியின் நடுப்பகுதி உள்ளே அமுங்கி இருந்தால் புட்டி நன்றாக அடைபட்டது என்று பொருள். பல மாதங்கள் இருக்கும். மூடி உப்பினாலோ, நாற்றம் வந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்த முறை புளிப்பு உள்ள பழங்களுக்கு மட்டுமே. பீன்ஸ், பட்டாணி, காளான், இறைச்சி ஆகியவற்றை வீட்டில் வெறும் கொதிநீரில் வைத்து அடைக்கக் கூடாது. கொதிநீரில் சாகாத ஒரு கிருமியின் வித்து, புளிப்பும் காற்றும் இல்லாத புட்டிக்குள் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். அதைக் கொல்ல அழுத்தத்தில் 121 டிகிரி சூடு வேண்டும். பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஒருவர் 1890-களில்தான் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆப்பேர் காலத்தில் இது யாருக்கும் தெரியாது.

நின்ற பெயர்

1955-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம் ஆப்பேருக்குத் தபால்தலை வெளியிட்டது. உணவை அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறைக்குப் பிரெஞ்சு மொழியில் அவருடைய பெயரே வழங்குகிறது.

அவர் உரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டிருந்தால் செல்வராக இறந்திருக்கலாம். புத்தகம் வெளிவந்திருக்காது. பழத்தைக் காக்கும் வழி ஒரு தொழிற்சாலையின் பூட்டுக்குள் பல காலம் இருந்திருக்கும்.

அவர் ஊருக்குச் சொன்னார். மழைக் காலத்தில் ஒரு வீட்டில் புட்டியைத் திறந்து, ஆடி மாதத்துப் பேரிக்காயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிகிறது என்றால், அது அந்த மிட்டாய்க்காரர் விட்டுச் சென்ற சொத்து.